முதல் நாள் வருகிறவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்

யோகா தினத்தன்று எடுத்த அந்த வீடியோவை கோத்தகிரியில் பாதிப் பேர் பார்த்தாயிற்று. பார்க்காதவர்கள் தேடிப் போக வேண்டாம். தயவு செய்து யாரும் இங்கே கமெண்டில் லிங்க் போடவும் வேண்டாம். ஒற்றைக் காலில் நிற்கிற விருட்சாசனத்தில் கால் தடுமாறிப் பக்கத்தில் நின்றவர் மேல் சாய்கிற அம்மாவை ஸ்லோ மோஷனில் திரும்பத் திரும்ப ஓட்டி, பின்னால் காமெடி மியூசிக் வேறு. கீழே வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகள். பொம்மை போட்டவர்களில் சிலர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறீர்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிற அந்த அம்மாவை வரச் சொன்னது நான். பல வாரம் கெஞ்சி, "எனக்கெல்லாம் எதுக்கு டீச்சர், நாலு பேரு பாப்பாங்க" என்றவரைச் சமாதானப்படுத்தி, "யாரும் உங்களைப் பார்க்க மாட்டாங்கம்மா, அவங்கவங்க உடம்பைத்தான் பார்ப்பாங்க" என்று நம்ப வைத்து அழைத்துப் போனேன். நான் கொடுத்த அந்த வாக்கைத்தான் செல்போனில் படம் பிடித்து ஊருக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

முதல் நாள் யாருக்கும் வராது. ஒற்றைக் காலில் நிற்க வராது, குனிந்தால் கை தரையைத் தொடாது, சம்மணமிட்டால் முட்டி மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். வராததனால்தானே வகுப்புக்கு வருகிறார்கள்? எல்லாம் வந்த பிறகுதான் ஹாலுக்குள் நுழைய வேண்டும் என்றால் அந்த ஹால் எதற்கு?

"தோட்டத்துல நாள் முழுக்க வேலை செய்யறவங்களுக்கு எதுக்கு யோகா, அதுவே எக்சர்சைஸ்தானே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஒரு நாள் சரிவில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். காலையில் கொழுந்தெடுக்கப் போனால் சாயங்காலம் எடை போடும் வரை ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. முதுகில் தொங்கும் பை நேரமாக ஆகக் கனம் ஏறும். இப்போது பல இடங்களில் கையால் கிள்ளுவது போய்க் கத்தரி வந்துவிட்டது. இரண்டு கையாலும் பிடித்து வெட்டி வெட்டி, மணிக்கட்டும் தோள்பட்டையும் ராத்திரி தூங்க விடுவதில்லை. ஒரே தசை, ஒரே அசைவு, ஒரே பக்கம். அது உழைப்பு. உடற்பயிற்சி என்று அதற்குப் பேர் வைக்காதீர்கள். இறுகிப்போன முதுகைப் பின்பக்கம் மெல்ல வளைக்கவும், நாள் முழுக்க முன்னால் கூனியிருந்த தோளைத் திறக்கவும், மூச்சை நிதானமாக நீளமாக விடவும் யாருக்காவது அவசியம் என்றால் அவர்களுக்குத்தான் முதலில் அவசியம்.

எனக்கு இது ஏன் இவ்வளவு உறைக்கிறது என்று கேட்கலாம். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. போர்டில் எழுதத் திரும்பினால்கூட வலி. வகுப்பு நடக்கிற இடத்தின் வாசல் வரை போய், உள்ளே ஒல்லியாக, அழகாக வளைகிற பெண்களைப் பார்த்துவிட்டு அப்படியே பஸ் ஏறி வீட்டுக்கு வந்திருக்கிறேன். மறுபடி போனபோது, நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு அக்கா வாசலுக்கே வந்து, "உள்ள வா கண்ணு, இன்னைக்கு நீ சேர்ல உக்காந்து கையை மட்டும் தூக்கு, போதும்" என்றார். அன்று நான் செய்தது அவ்வளவுதான். கையைத் தூக்கினேன், இறக்கினேன். தூக்கும்போது மூச்சை உள்ளே இழு, இறக்கும்போது விடு. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று யாராவது சிரித்திருந்தால் நான் இன்றைக்கும் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் பாடம் நடத்திக்கொண்டிருப்பேன்.

நாற்காலியில் உட்கார்ந்து செய்வது யோகாவா என்று கேட்கிறவர்களுக்கு: யோகா ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்கார் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1918இல் கர்நாடகத்தின் பெள்ளூரில் பிறந்தவர். சிறு வயதில் மலேரியா, டைபாய்டு, காசநோய் எல்லாம் வந்து நோஞ்சானாகவே வளர்ந்தவர். மைசூரில் யோகா கற்றுக்கொடுத்த அக்காள் கணவர் கிருஷ்ணமாச்சாரியாரிடம் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பையனுக்கு உடம்பு வளையவே இல்லை. அப்படிப்பட்டவர்தான் பிற்காலத்தில் நாற்காலி, பெல்ட், மரக்கட்டை, கயிறு, சுவர் என்று கண்ணில் பட்டதையெல்லாம் துணைக்கு வைத்து, முடியாதவர்களுக்கும் ஆசனம் சொல்லிக்கொடுத்து, 2014 வரை வாழ்ந்தார். வளையாத உடம்பு என்றால் என்னவென்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கிருஷ்ணமாச்சாரியாரும் சென்னைக்கு வந்த பிறகு ஒவ்வொருவரின் வயதுக்கும் உடல்நிலைக்கும் தகுந்தபடி மாற்றித்தான் கற்றுக்கொடுத்தார். இன்னும் பின்னால் போனால் யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி. இருநூறுக்குச் சற்றுக் குறைவான சூத்திரங்களில் ஆசனத்தைப் பற்றிப் பேசுபவை மூன்றே மூன்று. உறுதியாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்கிறார். கால் கழுத்துக்குப் பின்னால் போக வேண்டும் என்று எங்கேயும் சொல்லவில்லை.

"தப்பா செஞ்சா அடிபடும், அதான் தெரியாதவங்க வரக்கூடாது" என்பவர்களின் முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். கழுத்துத் தேய்மானம் இருப்பவரும், கண்ணில் நீர் அழுத்தம் இருப்பவரும் சிரசாசனம் செய்யக் கூடாது. நம் ஊர் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காலைக் குளிரில் இறுகிக் கிடக்கிற தசையை எடுத்த எடுப்பில் இழுத்தால் பிடித்துக்கொள்ளும். விரல், மணிக்கட்டு, தோள், கணுக்கால் என்று மூட்டு மூட்டாக அசைத்துச் சூடேற்றிய பிறகுதான் மற்றதெல்லாம். இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கத்தானே முன்னால் ஒருவர் நிற்கிறார்? புதிதாக வந்தவரைச் சுவர் ஓரமாக நிறுத்தி, ஒரு கையைச் சுவரில் வைக்கச் சொல்லியிருந்தால் அந்த அம்மா தடுமாறியே இருக்க மாட்டார். அன்று மேடையில் இருந்தவர் கவனித்தது வரிசை நேராக இருக்கிறதா, போட்டோவில் பேனர் தெரிகிறதா என்பதை.

"நாங்க வேற மதம், மந்திரம் சொல்ல முடியாது" என்றால் சொல்லாதீர்கள். மூச்சுக்கு மதம் கிடையாது. ஐ.நா. 2014 டிசம்பரில் ஜூன் 21ஐ யோகா தினமாக அறிவித்தபோது 177 நாடுகள் அந்தத் தீர்மானத்தை இணைந்து முன்மொழிந்தன. எல்லா மதத்தவரும் வாழ்கிற நாடுகள் அவை.

"சும்மா ஜாலிக்குப் போட்டோம், இதுக்குப் போய் இவ்வளவா" என்பவர்களிடம் எனக்குப் பேச ஒன்றும் இல்லை. உங்கள் அம்மா தடுமாறினால் இதே மியூசிக் போடுவீர்களா?

இன்னொன்றும் மனதில் கிடந்து அறுக்கிறது. நம் மலையில் ரிசார்ட் விளம்பரங்களைப் பாருங்கள். பச்சைத் தேயிலைத் தோட்டம், பனி, நடுவில் பாய் விரித்து ஒரு பெண் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். அந்தத் தேயிலையை வளர்த்தது யார்? அந்தப் பச்சையை ஒரே மட்டமாக வெட்டி வைத்திருப்பது யார்? அவர்கள் உழைத்த இடம் படத்துக்குப் பின்னணியாக வேண்டும். அவர்களே சேலை மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஹாலுக்குள் வந்தால் சிரிப்பு வருகிறது. "டிரெஸ் சரியில்லை" என்று ஒரு கமெண்ட் பார்த்தேன். படித்துவிட்டு அழுதேன். 1964இல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து இங்கே தோட்டங்களில் வேலைக்குச் சேர்ந்த குடும்பம் அந்த அம்மாவுடையது. பிறந்ததிலிருந்து யாராவது ஒருவர் "இது உங்களுக்கான இடம் இல்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். இப்போது ஒரு ஹாலிலும் சொல்லியாயிற்று. "இனிமே என்னைக் கூப்புடாதீங்க டீச்சர்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நான் கூப்பிடத்தான் போகிறேன். அவரையும், தயங்கி நிற்கிற மற்ற எல்லாரையும். வருகிற வாரத்திலிருந்து முதல்முறை வருகிறவர்களுக்கென்று எங்கள் வீட்டு முன்னறையில் தனியாக உட்காரப் போகிறோம். சாயங்காலம், வேலை முடிந்து ஒரு டீ குடித்த பிறகு. சாப்பாடு மட்டும் மூன்று மணி நேரத்துக்கு முன்னால் முடிந்திருக்கட்டும். சேலை, சுடிதார், நைட்டி எதுவானாலும் சரி, ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டியதில்லை. பாய் வாங்காதீர்கள், தரை குளிரும் என்பதால் கம்பளி விரித்து வைக்கிறேன். கீழே உட்கார முடியாதவர்களுக்கு நாற்காலி இருக்கிறது. பெல்ட்டுக்குப் பதில் வீட்டுத் துண்டு போதும். முதல் வாரம் மூச்சும் மூட்டு அசைவும் மட்டும். வலித்தால் அந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். போன்களெல்லாம் வாசலில் ஒரு கூடையில் இருக்கும், என்னுடையதும் சேர்த்து.

பிரஷர், சர்க்கரை, ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். கமெண்டில் எழுதக் கூச்சமாக இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். போன் இல்லாத அம்மாக்களுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்துக் காட்டுங்கள்.