பெர்பெத்துவாவோட அப்பா

மார்ச் 7 வந்தா புனித பெர்பெத்துவா, பெலிசித்தா திருநாள். பெரும்பாலும் ஒரே வரில முடிச்சிருவாங்க, ரெண்டு பெண்கள் விசுவாசத்துக்காக சிங்கத்துக்கு இரையானாங்கன்னு. சிங்கமே இல்லைங்க! அவங்க மேல ஏவி விட்டது ஒரு முரட்டு பசுமாடு, பொம்பளைங்களுக்கு பொம்பள மிருகம்ங்கிற வக்கிரம்.

நடந்தது கி.பி. 203ல, கார்த்தேஜ்ல, இன்னைக்கு துனிசியா. பெர்பெத்துவாவுக்கு 22 வயசு இருக்கும், நல்ல குடும்பத்துப் பொண்ணு, படிச்சவ, கைல பால்குடி மாறாத குழந்தை. ஜெயில்ல இருந்துக்கிட்டு அவளே எழுதி வச்ச டைரி நம்ம கைக்கு வந்திருக்கு, ஆதி கிறிஸ்தவத்துல ஒரு பொண்ணு தன் கைப்பட எழுதினது கிடைக்கிறதே அபூர்வம். அதுல பெருசா பிரசங்கம்லாம் இல்ல. ஜெயில் இருட்டு, கூட்டம், புழுக்கம், குழந்தை பசில வாடுது. குழந்தைய கூடவே வச்சுக்க விட்டதும் ஜெயிலே அரண்மனை மாதிரி ஆயிடுச்சுங்கிறா.

ஆனா என்னைய உலுக்கினது அவ அப்பாதான். அந்த குடும்பத்துல கிறிஸ்தவத்த ஏத்துக்காத மனுஷன். முதல் தடவை கண்ண நோண்டிடுற மாதிரி பாய்றாரு. அடுத்த தடவை வந்து கைய முத்தமிட்டு கால்ல விழுந்து, என் நரைச்ச தலைய பாரும்மா, இந்த பிள்ளை நீ இல்லாம எப்படி பொழைக்கும்னு அழறாரு, மகள்னு கூட கூப்பிடாம எஜமானிய கூப்பிடுற மாதிரி கூப்பிடுறாரு. விசாரணைல குழந்தைய தூக்கிட்டே வந்து கெஞ்சுறாரு, ஹிலாரியானுஸ்ங்கிற அதிகாரியும் அப்பன் வயசுக்காச்சும் இரக்கம் காட்டு, சக்கரவர்த்திக்காக ஒரு பலி குடுத்துருன்னு சொல்லிப் பாக்குறான். இவ மாட்டேங்குறா. பெரியவர் விடாம மன்றாடவும் அவரையே பிரம்பால அடிக்க சொல்லிட்டான். என்னையே அடிச்ச மாதிரி வலிச்சுதுன்னு எழுதுறா. தீர்ப்புக்கு அப்புறம் குழந்தைய கேட்டு ஆள் அனுப்புறா, அப்பா தரல, அதுக்கப்புறம் பிள்ளையும் பால் தேடல, தனக்கும் பால் கட்டிக்கிட்டு வலிக்கலங்கிறத கடவுள் செயல்னு குறிச்சு வைக்கிறா. எந்த ஆம்பளை எழுதியிருப்பான் இந்த வரிய?

பின்னாடி வந்தவங்க இதையே சுருக்கி இன்னொரு வடிவம் எழுதினாங்க பாருங்க, அங்கதான் எனக்கு கோவமே வருது. டைரில புருஷனப் பத்தி ஒரு வார்த்தை இல்ல, இவங்க ஒரு புருஷன கொண்டு வந்து நிறுத்துறாங்க. அப்புறம் அவ குழந்தைய தூக்கி எறிஞ்சுட்டு, அக்கிரமச் செய்கைக்காரரே என்னைவிட்டு அகன்றுபோங்கள்னு பெத்தவங்கள பாத்து சொல்றாளாம். யாரு, அப்பனுக்கு விழுந்த அடி தனக்கு விழுந்த மாதிரி துடிச்சவளா? கல்நெஞ்சா இருந்தாதான் புனிதைன்னு யாரோ முடிவு பண்ணிருக்காங்க. இந்த டைப் கதைகள கேட்டு வளந்ததாலதான் புனிதர்னாலே வலிக்காத சுரூபம்னு நமக்கு பதிஞ்சு போச்சு.

பெலிசித்தா அடிமைப் பொண்ணு, எட்டு மாச கர்ப்பம். கர்ப்பிணிய கொல்லக்கூடாதுங்கிறது சட்டம், அதனால எங்க மத்தவங்களோட சாக முடியாம போயிடுமோன்னு அவளுக்கு கவலை. ஜெயில்லயே பெண் குழந்தை பொறந்துச்சு. பிரசவ வலில கத்துறப்போ, இதுக்கே இப்படின்னா மிருகத்துக்கு முன்னாடி என்ன பண்ணுவன்னு ஒரு காவலன் நக்கல் பண்றான். இப்ப படுறது என் பாடு, அங்க எனக்காக இன்னொருத்தர் படுவார்னு சொல்றா. குழந்தைய ஒரு கிறிஸ்தவ பொண்ணு எடுத்து வளத்தா.

பெர்பெத்துவாவுக்கு வாயும் சும்மா இல்ல. ஜெயில் அதிகாரி கொடுமை பண்றப்போ, சீசரோட பிறந்தநாள் வேடிக்கைக்கு வச்சிருக்கிற ஆளுங்க நாங்க, கொஞ்சம் கொழுகொழுன்னு போய் நின்னா உனக்குத்தானே பெருமைன்னு கேட்டுட்டா, அவன் மூஞ்சி செவந்து போச்சு.

பிள்ளைய விட்டுட்டு சாக துணியலாமான்னு கேக்குறவங்க இருக்காங்க, கேக்கட்டும், அது நியாயமான கேள்விதான், அவ அப்பாவும் அதையேதான் கேட்டாரு. அவர் கேட்டத ஒண்ணு விடாம அவளே எழுதி வச்சிருக்கா. திருநாள் அன்னைக்கு மறையுரைல அந்த பெரியவரப் பத்தியும் நாலு வார்த்தை பேசுங்க ஃபாதர்!