சுந்தரலிங்கம் மாதிரி ஒருத்தர் இனி வன்னியிலிருந்து போக ஏலாது

"எங்களுக்குக் கட்சி இல்லை, சனம்தான் கட்சி." தேர்தலுக்குத் தேர்தல் வன்னியில் கேட்கிற வசனம் இது. 2024 இலங்கைப் பாராளுமன்றத் தேர்தலில் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு சேர்ந்த வன்னித் தேர்தல் மாவட்டத்தின் 6 ஆசனத்துக்கு 423 பேர் நின்றார்கள். ஒரு பட்டியலில் 9 பெயர் என்றால் 47 பட்டியல். கட்சிகளைக் கழித்தாலும் சுயேச்சைக் குழுக்கள் கொஞ்சநஞ்சமில்லை. அதில் ஒன்றுக்கும் ஆசனம் கிடைக்கவில்லை.

இந்த வசனத்தோடு "அடங்காத் தமிழன்" செல்லப்பா சுந்தரலிங்கத்தின் பெயரையும் ஒட்டிவிடுகிறார்கள். வவுனியாவில் சுயேச்சையாக நின்று வென்றவர், கட்சியே இல்லாமல் காலம் தள்ளியவர் என்று. அது சரிதான். ஆனால் அவர் எப்படித் தள்ளினார் என்பதைப் பார்க்காமல் பெயரை மட்டும் எடுப்பது பிழை.

ஆள் வன்னியான் இல்லை, யாழ்ப்பாணத்து உரும்பிராய். ஒக்ஸ்போர்டில் படித்த கணிதப் பேராசிரியர். 1947இல் வவுனியாத் தொகுதியில் சுயேச்சையாக வென்றார். அந்தக் காலத்தில் அது அதிசயமுமில்லை. 95 ஆசனத்தில் 21 பேர் சுயேச்சையாகவே வந்தார்கள், மன்னாரில் வென்ற சி. சிற்றம்பலமும் அதில் ஒருவர். வென்ற கையோடு இரண்டு பேரும் பிரதமர் டி. எஸ். சேனாநாயக்கவின் அமைச்சரவையில் ஏறினார்கள். சுந்தரலிங்கத்துக்கு வர்த்தகம், சிற்றம்பலத்துக்குத் தபால். சுயேச்சையாகக் கேட்டுவிட்டு அரசாங்கத்தோடு போகிற வேலையை இப்ப உள்ளவர்கள் கண்டுபிடிக்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948 பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறியபோது அவர் அமைச்சர்தான். அந்த ஆண்டு டிசம்பரில் இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டமூலம் வாக்கெடுப்புக்கு வந்தபோதுதான் சபையை விட்டு வெளியே நடந்தார். பிரதமர் விளக்கம் கேட்க, பதவியை விட்டார்.

இதற்குப் பிறகு வருவதுதான் விஷயம். 1951இல் தேசியக் கொடியை ஏற்க ஏலாது என்று ஆசனத்தையே துறந்தார். இடைத்தேர்தல் வந்தது, அதே வவுனியாவில் நின்று திரும்பி வந்தார். 1952இலும் வென்றார். 1955இல் எதிர்ப்பாக மூன்று மாதம் சபைக்குப் போகாமல் இருந்தார், சட்டப்படி ஆசனம் வெறுமையாகியது. திரும்ப இடைத்தேர்தல், திரும்ப வெற்றி. 1956இலும் அவர்தான். ஒன்பது வருடத்துக்குள் ஐந்து தரம் வவுனியாச் சனம் அவருக்கு வாக்குப் போட்டிருக்கிறது. கட்சி இல்லாத மனிதனுக்கு இருந்த ஒரே ஆயுதம் அந்த இடைத்தேர்தல். ஆசனத்தைத் தூக்கிச் சனத்துக்கு முன்னால் வைத்து, "நான் செய்தது சரியென்றால் திருப்பித் தாங்கோ" என்று கேட்க முடிந்தது.

இப்ப அதைச் செய்து பாருங்கள். 1978 யாப்பின்படி நீங்கள் இராஜினாமாச் செய்தால் இடைத்தேர்தல் கிடையாது. உங்கள் பட்டியலில் விருப்பு வாக்கில் (பட்டியலுக்குள் ஆளைப் பார்த்துப் போடும் வாக்கு) அடுத்து நிற்கிறவர் போய் இருப்பார். மூன்று மாத விதி அப்படியே இருக்கிறது, போகாமல் இருந்தாலும் கதை அதுதான். இன்னும் பகிடி, 99(13) உறுப்புரை சுயேச்சைக் குழுவையும் கட்சி மாதிரியே நடத்துகிறது. குழுவிலிருந்து உங்களை விலக்கினால் ஆசனமும் ஆபத்தில். உயர் நீதிமன்றம் போக உங்களுக்கு ஒரு மாதம்.

முதலில் வெல்ல வேண்டுமே. 1947இல் ஒரு ஆள், ஒரு தொகுதி. இப்ப தனி ஆளாக மனுக் கொடுக்கவே முடியாது. வன்னிக்கு 9 பெயர் வேண்டும், 8 என்றால் மனு போச்சு. ஆளுக்கு 2000 ரூபா கட்டுப்பணம், மொத்தம் 18,000. காசு பெரிதில்லை. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றிலும் முகம் தெரிந்த ஒன்பது பேரைப் பிடிப்பதுதான் கஷ்டம். பிடிக்காவிட்டால் சொந்தக்காரரைப் போட்டு நிரப்புவது, அந்தப் பெயர்களுக்கு வாக்கும் வராது. குழுவின் இலக்கமும் சின்னமும் மனு ஏற்ற பிறகுதான் கைக்கு வரும், மிச்சமுள்ள சில வாரத்தில் மடுவிலிருந்து கொக்கிளாய் வரை அதைப் படிப்பிக்க வேண்டும். கட்சிக்காரன் வீட்டுச் சின்னத்தையும் சைக்கிள் சின்னத்தையும் வருடக்கணக்காகப் படிப்பித்து வைத்திருக்கிறான்.

அடுத்தது 5 வீத வெட்டு. செல்லுபடியான வாக்கு 2 இலட்சம் என்று வையுங்கள், 10,000க்குக் கீழே எடுத்த பட்டியல் அத்தனையும் கணக்கிலிருந்தே வெளியே. ஆறில் ஒரு ஆசனம், ஆகக் கூடிய வாக்கு எடுத்த பட்டியலுக்குப் போனஸ். மிச்சம் 5ஐத்தான் பிரிப்பது. 2024இல் வன்னியில் ஆசனம் பிடித்த பட்டியல்களில் ஆகக் குறைந்தது 17,710 வாக்கு. 47 பட்டியலில் ஆளுக்கு ஆயிரம், இரண்டாயிரம் என்று பிய்த்தெடுத்தால் அந்த வாக்கு யாருக்கும் உதவாது. வெட்டுக்குக் கீழே விழும் வாக்கு கூடக் கூட, மேலே நிற்கிறவனுக்கு ஒரு ஆசனத்தின் விலை குறையும்.

யாழ்ப்பாணத்தில் 2024இல் ஊசிச் சின்னத்தில் சுயேச்சைக் குழு 17 ஒரு ஆசனம் எடுத்ததே என்பீர்கள். எடுத்தது, 27,855 வாக்கோடு. அது ஒரு முகத்துக்கு ஒரே அலையில் விழுந்த வாக்கு. 1989இல் தமிழ் ஆயுத இயக்கமான ஈரோஸ் சுயேச்சைக் குழுக்களாக நின்று 13 ஆசனம் எடுத்ததையும் சுயேச்சை வெற்றி என்று எழுதாதீர்கள், பின்னால் இருந்தது ஒரு முழு இயக்கம்.

சுந்தரலிங்கத்தைக் கும்பிடவும் நான் வரவில்லை. 1959இல் தனி நாடு கேட்டு முன்னணி தொடங்கினார், ஆனால் ஊரில் கிளையோ அடுத்த தலைமுறையோ வைக்கவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில், ஒடுக்கப்பட்ட சனம் உள்ளே போகக்கூடாது என்று நின்றவரும் இவர்தான். யாருக்கும் அடங்காத குணம் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாரும் கேட்க முடியாதபோது இதுதான் நடக்கும். கட்சி என்றால் கேட்கவாவது நாலு பேர் இருப்பார்கள்.

1960 மார்ச்சில் அவரை வவுனியாவில் தோற்கடித்தவர் தா. சிவசிதம்பரம். உடுப்பிட்டி மு. சிவசிதம்பரத்தோடு குழப்பாதீர்கள். தா. சிவசிதம்பரமும் அப்போது சுயேச்சைதான். 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணியில் நின்று திரும்ப வவுனியாவை எடுத்தார். 1983இல், தனி நாட்டை ஆதரிப்பதில்லை என்கிற 6ஆம் திருத்தச் சத்தியத்தை ஏற்காமல் கூட்டணி உறுப்பினர்கள் சபைக்குப் போகவில்லை. அதே மூன்று மாத விதி, ஒக்ரோபரில் ஆசனம் போனது. 1955இல் போன ஆசனத்துக்கு இடைத்தேர்தல் வந்தது, இதற்கு வரவில்லை. வவுனியாச் சனம் அடுத்த பாராளுமன்றத் தேர்தலைக் கண்டது 1989இல், அதுவும் வன்னி மாவட்டப் பட்டியலுக்கு.