காசை முதலில் கையில் கொடுங்கள், அப்புறம் எழுதச் சொல்லலாம்

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் 'நூற்று ஐந்து ரூபாய்' என்று சொல்லி எழுதச் சொல்லிப் பாருங்கள். நிறையப் பேர் 1005 என்று எழுதுவார்கள். நாம் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறோம், ஆனால் அந்தப் பிள்ளை காதில் விழுந்ததை விழுந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறது, முதலில் நூறு, அப்புறம் ஐந்து. இதற்குப் பத்து தடவை இம்போசிஷன் கொடுத்துப் பயனில்லை. மேசை மேல் ஒரு நூறு ரூபாய் நோட்டு, கொஞ்சம் இடம் விட்டு ஐந்து ஒரு ரூபாய் நாணயங்கள் வையுங்கள். நடுவில் இருக்கும் காலி இடத்தைக் காட்டி, "பத்து ரூபாய் நோட்டு எத்தனை இருக்கு?" என்று கேளுங்கள். "ஒண்ணும் இல்ல மிஸ்" என்று சொல்லும். அந்த இடத்தில்தான் பூஜ்ஜியம் போட வேண்டும் என்று அப்புறம் நாம் சொல்லவே தேவையில்லை.

ஆரம்பத்தில் 100, 10, 1 மூன்று மட்டும் போதும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஐந்து ரூபாய் நாணயத்தைக் கொடுத்தால் சின்னப் பிள்ளைக்கு அது ஒரே ஒரு காசுதான். இருபது, ஐம்பது, இருநூறு எல்லாம் இடமதிப்பு பிடிபட்ட பிறகு வரட்டும்.

பைசா விஷயத்தில்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. 25 காசும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமல் போய்விட்டன, இன்னமும் பயிற்சித் தாளில் அந்தப் படத்தைப் போட்டுக் கூட்டச் சொல்கிறார்கள். ஐம்பது காசு சட்டப்படி செல்லும், ஆனால் எந்தக் குழந்தை பார்த்திருக்கிறது? அதற்காகப் பைசாவை விட்டுவிடவும் முடியாது. மளிகைக் கடை பில்லிலும் பெட்ரோல் பங்கிலும் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் இருக்கிறதே. ரூ.7.05, ரூ.7.50 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, 'ஏழு ரூபாய் ஐந்து காசு', 'ஏழு ரூபாய் ஐம்பது காசு' என்று வாய்விட்டுப் படிக்க வையுங்கள். 'ஏழு புள்ளி ஐந்து' என்று படிக்கப் பழகிய பிள்ளைக்கு அது ஐந்து காசா ஐம்பது காசா என்று கடைசி வரை குழப்பம்தான். கால்குலேட்டரும் 7.5 என்றே காட்டும், அதையும் சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

எழுத்தால் எழுதுவதற்குத் தனிப் புத்தகம் வேண்டாம். ரூபாய் நோட்டைத் திருப்பினால் பதினைந்து மொழிகள் அடுக்கியிருக்கும், கீழிருந்து மூன்றாவது வரி தமிழ். 'நூறு ரூபாய்' என்று தானே கண்டுபிடித்துப் படித்த பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

பெற்றோர்களிடம் ஒன்று கேட்கிறேன். எல்லாவற்றுக்கும் ஜிபே பண்ணிவிட்டு, 'என் பையனுக்குச் சில்லறை எண்ணத் தெரியல மிஸ்' என்று வருகிறீர்கள். போனில் டிங் என்று சத்தம் வருவதை மட்டும் பார்க்கிற பிள்ளைக்கு, நூறு ரூபாய் கொடுத்தால் மீதி வரும் என்பது எங்கிருந்து தெரியும்? வாரத்தில் ஒரு நாளாவது ரொக்கமாகக் கொடுத்து அனுப்புங்கள், வாங்கிய பொருளையும் விலையையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள், மீதியை அவர்களே எண்ணி வாங்கி வரட்டும். கடைக்காரர் அவசரப்படுத்தினால் பரவாயில்லை, பின்னால் நிற்பவர்கள் ஒரு நிமிடம் பொறுத்துக்கொள்ளலாம்.