ஏழு நாளுக்கு ஏழு படம் போதாது

மிதவெப்ப நாடுகளில் வசந்தம் முடியும் வாரங்களில் வானிலை அறிக்கையின் மேல் மக்களுக்கு நம்பிக்கை சரிந்துவிடுகிறது. மழை என்று போட்டிருந்தார்கள், வெயில் அடித்தது. வெயில் என்றார்கள், இடியோடு கொட்டித் தீர்த்தது. "இவங்க சொல்றது என்னைக்கு நடந்திருக்கு?" என்ற சலிப்பைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். கணிப்பவர்களுக்குத் தெரிந்ததில் சிறு பகுதிதான் நம் கைபேசிக்கு வந்து சேர்கிறது. நாளுக்கு ஒரு படம், அதன் கீழே ஒரு எண், அவ்வளவுதான். நாளைக்கும் அதே அளவு உறுதி, ஏழாம் நாளுக்கும் அதே அளவு உறுதி. இப்படிக் காட்டுவது தவறு என்பதுதான் என் கருத்து. அதிலும் இந்தப் பருவத்தில் இது பெரிய தவறு.

ஏன் இந்தப் பருவம் என்று கேட்டால், வடகோளத்தில் மே, தென்கோளத்தில் நவம்பர், இந்த மாதங்களில் வானமும் தரையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. சூரியன் கிட்டத்தட்ட உச்சக் கோடையின் பலத்துக்கு வந்துவிடுகிறது. வடகோளத்தின் மிதவெப்ப நாடுகளில் மே 21 நண்பகலில் சூரியன் நிற்கும் உயரமும் ஜூலை 23 வாக்கில் நிற்கும் உயரமும் ஏறக்குறைய ஒன்றுதான். குளிர்காற்று வீசுகிறதே என்று நினைத்து நாள் முழுக்க வெளியில் நின்றவர்களின் தோல் கருகிப்போவதற்கு இதுவே காரணம். தரை வேகமாகச் சூடாகிவிடும். ஆனால் 5 கிலோமீட்டர் உயரத்தில் பழைய குளிர் அவ்வப்போது வந்து போய்க்கொண்டிருக்கும். கீழே சூடு, மேலே குளிர், போதாததற்கு மண்ணில் ஈரம். இது போதும், காலையில் பளிச்சென்றிருந்த வானம் பிற்பகலில் இடிமேகமாகத் திரண்டுவிட.

இந்த வெப்பச்சலன மழையின் அளவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சாதாரண இடிமேகம் ஒன்று உருவாகி, கொட்டி, கலைந்துபோக அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். அகலம் சில கிலோமீட்டர். உலகில் பெரிதும் மதிக்கப்படும் ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலைக் கணிப்பு மையத்தின் கணினி மாதிரி, பூமியைச் சுமார் 9 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போடுகிறது. அந்தக் கட்டத்துக்குள்ளேயே ஒரு மேகம் பிறந்து செத்துப்போகலாம். ஆகவே வியாழக்கிழமை இந்த வட்டாரத்தில் அங்கங்கே இடிமழை இருக்கும் என்று சில நாள் முன்பே சொல்ல முடியும். எந்தத் தெருவில் என்பதை அன்று பிற்பகல் ரேடாரைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். வட்டாரத்துக்குச் சொன்ன கணிப்பை நம் வீட்டு மொட்டைமாடிக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டு, பக்கத்துத் தெருவில் மழை பெய்த நாளைக்கூடப் பொய்க் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

சதவீதத்திலும் இதே குழப்பம். மழை வாய்ப்பு 40 சதவீதம் என்றால், இதே மாதிரியான சூழல் உள்ள பத்து நாள்களில் நான்கில் அந்த இடத்தில் மழை பெய்யும் என்று பொருள். ஊரின் 40 சதவீதப் பரப்பில் மழை என்றோ, நாளின் 40 சதவீத நேரம் மழை என்றோ பொருள் இல்லை. உளவியலாளர் கெர்ட் கிகெரென்சரும் அவருடைய குழுவினரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில் ஆம்ஸ்டர்டாம், ஏதென்ஸ், பெர்லின், மிலான், நியூயார்க் ஆகிய ஐந்து நகரங்களில் இதையே கேட்டார்கள். நியூயார்க்கில் மட்டும்தான் பெரும்பாலோர் சரியான பொருளைச் சொன்னார்கள். இதில் மக்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. எண்ணைக் கொடுப்பவர்கள் அது எதைக் குறிக்கிறது என்று ஒரு வரி சேர்த்துக் கொடுத்திருக்கலாமே.

அப்புறம், ஏழாம் நாள் விஷயம். 1961இல் வானிலை அறிஞர் எட்வர்ட் லோரன்ஸ் தன் கணினியில் ஒரு வானிலைக் கணக்கை மறுபடி ஓட்டும்போது 0.506127 என்ற எண்ணுக்குப் பதில் 0.506 என்று சுருக்கிப் போட்டார். கொஞ்ச நேரத்தில் முடிவு முற்றிலும் வேறாகிவிட்டது. வளிமண்டலத்தின் இன்றைய நிலையை எவ்வளவு நுணுக்கமாக அளந்தாலும் சிறு பிழை மிச்சமிருக்கும். அது நாளாக நாளாகப் பெருகும். இதைக் கணிப்பாளர்கள் மறைக்கவில்லை. அதற்கென்றே ஒரு வழி கண்டுபிடித்து, 1992 முதல் அன்றாடப் பணியிலும் கொண்டுவந்துவிட்டார்கள். தொடக்க நிலையைச் சற்றுச் சற்று மாற்றி, ஒரே கணிப்பைப் பலமுறை ஓட்டுவது. ஐரோப்பிய மையம் இப்படி 51 ஓட்டங்களை ஓட்டுகிறது. எல்லாம் ஒரே திசையில் போனால் நம்பலாம். சிதறிப்போனால், அந்தச் சிதறலே நமக்குத் தெரிய வேண்டிய செய்தி.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். வசந்தத்தின் முடிவில் மேல்வளிக் காற்றோட்டம் பலமிழந்து வளைந்து நெளியும். அதிலிருந்து ஒரு தாழ்வழுத்தம் அறுந்து தனியாகப் பிரிந்து, இழுத்துச் செல்லக் காற்றில்லாமல் நின்ற இடத்திலேயே சுற்றும். வடகோளத்தில் அது மேற்கே நின்றுவிட்டால் நம் வட்டாரத்துக்குத் தெற்கிலிருந்து சூடான காற்று வரும், 28 டிகிரி வெயில் என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு மேல் வந்து நின்றால் 16 டிகிரி, நாள் முழுக்க மழை. ஓட்டங்களில் பாதி முதலாவதையும் பாதி இரண்டாவதையும் காட்டினால், பல செயலிகள் சராசரியை எடுத்து 22 டிகிரி என்று போட்டு, பாதி மேகம் மூடிய ஒரு சூரியனை வரைந்துவிடுகின்றன. அந்த 22 டிகிரி நாள் வரவே வராது என்று சொல்லலாம். இரண்டு வாய்ப்பு இருக்கிறது என்பதுதான் அன்றைய கணிப்பு. அதை அழித்துவிட்டு, யாருக்கும் பயன்படாத ஒரு நடு எண்ணை நீட்டுகிறார்கள்.

இந்த எண்ணை நம்பி யாரெல்லாம் முடிவெடுக்கிறார்கள் என்று பாருங்கள். பந்தல் போடுபவர், கூரை மாற்றுபவர், தீவனப் புல்லை அறுத்துக் காயப்போடக் காத்திருப்பவர். ஆப்பிள் தோட்டக்காரருக்கு ஒவ்வொரு டிகிரியும் பணம். முழுதாக மலர்ந்த ஆப்பிள் பூ உறைநிலைக்குக் கீழே 2 டிகிரியை ஒட்டி அரை மணி நேரம் இருந்தால் பத்தில் ஒரு பங்கு கருகும். 4 டிகிரியை ஒட்டிப் போனால் பத்தில் ஒன்பது பங்கு. அவருக்கு வெறுமனே "குறைந்தபட்சம் 1 டிகிரி" என்று சொன்னால் என்ன செய்வார்? வெப்பநிலை அளக்கப்படுவது தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு மீட்டர் உயரத்தில். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரையை ஒட்டி அதைவிடச் சில டிகிரி குறைவாக இருக்கும். ஒற்றை எண்ணில் இது எதுவும் தெரியாது.

ஆண்டின் முதல் வெப்ப வாரமும் அப்படியே. உடல் வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதனால் கோடை நடுவில் தாங்கிக்கொள்கிற அதே வெப்பம் இப்போது ஆளைச் சாய்க்கும். அந்த வாய்ப்பு ஐந்தில் ஒன்றுதான் என்றாலும் எனக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். வெளியில் வேலை செய்பவர்கள் நேரத்தை மாற்றிக்கொள்வார்கள், வயதானவர்கள் உள்ள வீடுகளில் தயாராகிக்கொள்வார்கள்.

கணிப்பு அறிவியல் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. பத்தாண்டுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் அது முன்னேறியிருக்கிறது. இன்றைய ஆறு நாள் கணிப்பு, பத்தாண்டுக்கு முந்தைய ஐந்து நாள் கணிப்புக்கு நிகர். இவ்வளவு உழைப்பையும் ஒரு சின்னப் படத்துக்குள் அடைப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

முதல் மூன்று நாளுக்குப் படமும் எண்ணும் இருக்கட்டும். நான்காம் நாளிலிருந்து ஒற்றை எண்ணை விட்டுவிட்டு, 16 முதல் 28 வரை என்று இடைவெளியைப் போடுங்கள். ஓட்டங்கள் இரண்டாகப் பிரிந்தால் இரண்டையும் எழுதுங்கள். இடிமழை நாளில் எந்த நேரத்துக்குள் வாய்ப்பு அதிகம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். இடிச் சத்தம் கேட்டால் உள்ளே போய்விடுங்கள், கடைசிச் சத்தம் கேட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே வாருங்கள் என்ற ஒரு வரியையும் அதன் கீழேயே போடுங்கள். மக்களுக்குப் புரியாது என்று யாரும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டாம்.