இஎஸ்ஐ வெறும் மாத்திரைக்கு மட்டும் இல்லை

"ஊட்டி ஹோட்டல் வேலையில பிடிக்கிற இஎஸ்ஐ தண்டம், மாத்திரைக்கு மேல எதுவும் வராது, நிறுத்தச் சொல்லுங்க"ன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். தப்பு. இஎஸ்ஐங்கிறது நாமளும் முதலாளியும் பணம் கட்டுற தொழிலாளர் அரசு காப்பீடு. நாமா நிறுத்தச் சொல்லவும் முடியாது. 21,000 ரூபாய் வரை சம்பளம்னா அது கட்டாயம்.

14,000 சம்பளத்துல நம்ம கையிலிருந்து போறது 105 ரூபாய் (0.75%). முதலாளி போடறது 455. காய்ச்சலோ முதுகுவலியோ, இஎஸ்ஐ டாக்டர் சான்றிதழ் கொடுத்தா வருஷத்துக்கு 91 நாள் வரை சம்பளத்துல 70% வரும். காசநோய், தீவிர மனநோய் மாதிரி நீண்டகால நோய்க்கு 80%, அதுவும் இரண்டு வருஷம் வரை.

சிக்கல் சீசன் ஆட்களுக்குத்தான். ஏப்ரல்–செப்டம்பர்ல குறைஞ்சது 78 நாளுக்குப் பணம் கட்டியிருந்தாதான் அடுத்த ஜனவரி–ஜூன்ல இந்த நோய்க்காலத் தொகை கேட்க முடியும். மே மாசம் மட்டும் வந்துட்டுப் போறவங்களுக்கு அந்தக் கணக்கு எட்டாது. தண்டம்னு எழுதினவர் கோபம் அந்த அளவுல நியாயம். சம்பளச் சீட்டுல பிடித்தம் இருந்தும் கணக்குல ஏறலைன்னா, சண்டை போட வேண்டியது மேனேஜர்கிட்ட. முதல்ல உங்க இன்சூரன்ஸ் நம்பரை வாங்கி, இணையத்துல கட்டின நாளைப் பாருங்க.