கழுவிக் காயவைத்த குப்பை

ஷாம்பு புட்டியை மூன்று முறை அலசி, மூடியைத் தனியாகக் கழற்றி, ஒட்டியிருந்த காகிதத்தை நகத்தால் சுரண்டிக் காயவைத்து, மக்காத குப்பைக்கான தொட்டியில் போட்டேன். மறுநாள் காலை வந்த வண்டியில் என்னுடைய இரண்டு தொட்டிகளும் ஒரே குவியலில் கவிழ்க்கப்பட்டதை வாசலில் நின்று பார்த்தேன். கேட்டதற்கு, "ஆலையில் இயந்திரம் வந்திருக்கிறது, அதுவே பிரித்துவிடும்" என்று பதில் வந்தது. வண்டியில் வந்தவர் மீது எனக்குக் கோபமில்லை. தடுப்பே இல்லாத வண்டியைக் கொடுத்துவிட்டு, குப்பையைப் பிரித்துத் தராவிட்டால் அபராதம் என்று எனக்குத் துண்டறிக்கை அனுப்பியவர்கள் மீதுதான் கோபம்.

அந்த இயந்திரத்தின் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். ஓடும் பட்டையில் பரவி வரும் பொருள்கள் மீது அது அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியைக் கொண்டு இது எந்த வகைப் பிளாஸ்டிக் என்று கண்டுபிடித்து, காற்றை வீசி உரிய பக்கம் தள்ளுகிறது. அருமையான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் கரிநிறமி கலந்த கறுப்புத் தட்டு அந்த ஒளியை விழுங்கிவிடுவதால், பெரும்பாலான இயந்திரங்களுக்கு அது கண்ணில் படுவதே இல்லை. பெட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த தண்ணீர்ப் புட்டிகளோடு, குழாய்கள் செய்யும் பிவிசி பிளாஸ்டிக் கொஞ்சம் கலந்துவிட்டால் போதும். பெட் உருகும் சூட்டுக்கு முன்பே பிவிசி சிதைந்து அமிலத்தைக் கக்கி, உருக்கிய மொத்தத்தையும் பாழாக்கிவிடும். ஈரக் கழிவில் ஊறிய காகிதத்தை எந்த இயந்திரமும் பழையபடி காகிதமாக்கித் தராது. வாசலில் கலந்ததை ஆலையில் கோடிகளைக் கொட்டிப் பிரிப்பதற்குப் பெயர் தொழில்நுட்ப வளர்ச்சியாம்!

சரி, நான் பிரித்தே கொடுத்தாலும் என்ன ஆகும்? ஒரு சிப்ஸ் பொட்டலத்தைக் கத்தரித்து விளிம்பைப் பாருங்கள். வெளியே அச்சிட்ட பிளாஸ்டிக் தாள், நடுவே வெள்ளியாய் மின்னும் அலுமினியம், உள்ளே சூட்டில் ஒட்டக்கூடிய பாலித்தீன்; மூன்றும் மயிரிழைக் கனத்தில் பசையால் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன. இவற்றைப் பிரிக்க வழிகள் இருக்கின்றன. ஆனால் பிரிக்கும் செலவில் பாதிகூடக் கிடைத்த பொருளை விற்றுத் தேறாது என்றால் யார் பிரிப்பார்கள்? புட்டியின் அடியில் இருக்கும் அம்பு முக்கோணமோ இதைவிடப் பெரிய ஏமாற்று. 1988இல் பிளாஸ்டிக் தொழில்துறை கொண்டுவந்த அந்தக் குறி எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதை மட்டுமே சொல்கிறது, மறுசுழற்சி நடக்கும் என்று சொல்லவில்லை. இது தெரியாமல் எத்தனை ஆண்டுகள் அதைத் தேடித் தேடிக் கழுவியிருக்கிறேன்!

2015 வரை உலகில் குப்பையான பிளாஸ்டிக்கில் ஏறத்தாழ 9 விழுக்காடுதான் மறுசுழற்சிக்குப் போனது என்று 2017இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. மறுசுழற்சிக்கென்று சேர்த்ததிலும் கணிசமான பகுதியைக் கப்பலேற்றிச் சீனாவுக்கு அனுப்பிவிட்டு, அதையும் மறுசுழற்சி என்றே கணக்கெழுதிக்கொண்ட நாடுகள் உண்டு. 2018இல் சீனா கதவைச் சாத்தியதும் அந்த நாடுகளின் கிடங்குகள் நிரம்பி வழிந்தன. அலுமினியத்தைப் பாருங்கள்: தாதுவிலிருந்து எடுப்பதைவிடப் பழையதை உருக்கி எடுத்தால் 95 விழுக்காடு வரை ஆற்றல் மிச்சம் என்பதால், விளம்பரமோ துண்டறிக்கையோ இல்லாமலே அதைத் தேடி வாங்க ஆள் இருக்கிறது. பிளாஸ்டிக்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கச்சா எண்ணெய் விலை சரிந்தால் புதுப் பிளாஸ்டிக் மலிந்துவிடும், மறுசுழற்சித் துகளைச் சீந்த ஆளிருக்காது, கடன் வாங்கிப் பொருத்திய இயந்திரம் தூசி படிந்து நிற்கும். இயந்திரத்தை விற்றவருக்கு மட்டும் பணம் முன்பே போய்ச் சேர்ந்திருக்கும்.

பிரிக்கவே முடியாத உறையைச் செய்பவரிடம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. கழுவிப் போடுபவரின் வாசலில்தான் அபராதச் சீட்டோடு வந்து நிற்கிறார்கள். முதலில் அந்த வண்டிக்கு நடுவே ஒரு தகரத் தடுப்பாவது வைத்துவிட்டு வாருங்கள், என் தொட்டியைத் திறந்து காட்டுகிறேன்.