துன்ஹுவாங்கைப் பார்க்காமலே எழுதியவர்

ஜப்பானிய எழுத்தாளர் யசுஷி இனோவே விளையாட்டு நிருபராக இருந்தவர், சீனாவின் துன்ஹுவாங் குகைகளை நேரில் பார்த்துவிட்டு வந்துதான் தன் வரலாற்று நாவலை எழுதினார் என்றொரு தகவல் பகிரப்படுகிறது. இரண்டுமே தவறு.

மாணவப் பருவத்தில் ஜூடோவே கதியென்று கிடந்தவர்தான். குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். ஆனால் 1936-இல் ஒசாகாவில் மைனிச்சி நாளிதழில் சேர்ந்த பிறகு அவர் எழுதியது சமயம், கலை பற்றி.

‘துன்ஹுவாங்’ நாவல் வந்தது 1959-இல். அந்த மண்ணில் அவர் முதன்முதலாகக் கால்வைத்தது 1978-இல், எழுபது வயதுக்குப் பிறகு! இதைப் பயணக் கதையாகச் சுருக்குவது அவர் உழைப்புக்குச் செய்யும் அநியாயம். 1900-இல், துன்ஹுவாங்கில் அடைத்து மூடியிருந்த ஒரு குகையில் பல்லாயிரம் சுவடிகள் கிடைத்தன. ஒளித்துவைத்தது யார், ஏன் என்பதற்கு உறுதியான சான்றில்லை. பழைய நூல்களைத் துருவிப் படித்து, அந்த இடைவெளியை அவர் கற்பனையால் நிரப்பினார்.